ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஊர்

சென்னை
24 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

மலர்க்கொடி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், விடுதிச் சாப்பாட்டைத் தவிர வேறு குறையில்லை. அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுகிறதா? முல்லை மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாளாமே, அவளுக்கு அத்தையின் முத்தங்கள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை எடுத்ததும் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியதை வாய்க்கால் தெருவே கேட்கிறது. அதனால் கடிதம். நீங்களும் கடிதமாகவே பதில் எழுதுங்கள், உங்கள் முத்து முத்தான கையெழுத்தைப் பார்த்து நாளாயிற்று.

விஷயம் இதுதான். காற்றில் இருக்கும் புகையும் தூசியும் குழந்தைகள் உடம்புக்குள் போய் என்ன செய்கின்றன என்பது என் ஆய்வு. நோய் வந்த பிறகு பார்ப்பதற்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். வெளியே ஒன்றுமே தெரியாத காலத்தில், பிள்ளை ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே டி.என்.ஏ. உடைய ஆரம்பிக்கிறதா என்று நாங்கள் பார்க்கிறோம். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. ஐஸ் குச்சி மாதிரி ஒரு மரக்குச்சியால் கன்னத்தின் உள்பக்கத்தை லேசாக வழித்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். ஒவ்வொரு செல்லிலும் ஒரு உருண்டை இருக்கும். டி.என்.ஏ. உடைந்திருந்தால் அதன் பக்கத்தில் இன்னொரு குட்டி உருண்டை தனியாக நிற்கும். அந்தக் குட்டி உருண்டைகளை எண்ணுவதுதான் என் பிழைப்பு.

சென்னையில் நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளி ஒன்றில் எடுத்து முடித்துவிட்டோம். ஒப்பிட்டுப் பார்க்கக் காற்று சுத்தமான ஒரு ஊர் வேண்டும். கூட்டத்தில் ஒருவர் ஊட்டிப் பக்கம் போகலாம் என்றார். ஒருவர் கொல்லிமலை என்றார். நான் எழுந்து, எங்கள் ஊர் என்றேன். வயலையும் வாய்க்காலையும் தவிர அங்கே என்ன இருக்கிறது, அதைவிடச் சுத்தமான காற்று எங்கே கிடைக்கும் என்று விடாமல் வாதாடினேன். என் வழிகாட்டி ரோஹிணி மேடம் சிரித்துவிட்டு, "சரி, உங்க ஊரே இருக்கட்டும்" என்றார். அவருடைய தாத்தாவுக்கும் வலங்கைமான் பக்கம் நிலம் இருந்ததாம். அண்ணி, நம் ஊர்ப் பெயரை அந்தப் பெரிய மேஜையில் வைத்துச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

நம் ஊர்ப் பள்ளி ஹமீதா பானு டீச்சரிடம் பேசிப் பெற்றோர்களின் சம்மதத்தை நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும். சத்துணவு அமைப்பாளர் சொன்னால் தட்டுவதற்கு ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஜூலை நடுவில் எடுக்கலாம் என்றிருக்கிறோம். எனக்கு அந்த வாரம் கருத்தரங்கு இருப்பதால் எங்கள் ஆய்வுக்கூடத்து ஷேக் பரீத் அண்ணன் வருவார், நாகூர்க்காரர். பிள்ளைகள் வாயைச் சுத்தம் செய்துகொண்டு வரட்டும். அது முக்கியம்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்,
மலர்

*

வாய்க்கால் தெரு
3 ஜூலை 2024

அன்புள்ள மலருக்கு,

அண்ணி அம்சம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மாமா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கலாம் வாங்க என்றால் ஓடி ஒளிகிறார். ஓட முடிகிறதென்றால் கால் நன்றாகத்தானே இருக்கிறது? நீ இளைத்துவிட்டதாகப் போட்டோவில் தெரிகிறது. ஆராய்ச்சி எங்கே போய்விடும், முதலில் சாப்பிடு.

சம்மதம் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. கோயில் தெரு, வாய்க்கால் தெரு இரண்டிலும் ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. "நம்ம செல்லதுரை பொண்ணு கேக்குதுன்னா வாயென்ன, தலையவே குடுக்கலாம்" என்றார்கள். ஹமீதா டீச்சர் இரண்டு நாளாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி "ஆ" காட்டப் பழக்குகிறார்.

அடுத்து ஒரு சங்கதி, கோபப்படாதே. ரைஸ்மில் பஞ்சநதம் அய்யா கேள்விப்பட்டு, பிள்ளைகளுக்கு பிஸ்கட் தன் செலவு என்றார். அதோடு விடாமல் கடைத்தெருவில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். "சுத்தமான காற்றுக்குத் தேர்வான நம் ஊர்" என்று பெரிய எழுத்து. கீழே பட்டமளிப்பு உடுப்பில் நீ. உன்னைவிடப் பெரிதாகப் பஞ்சநதம் அய்யா. மூலையில் ஒரு புறா. புறா எதற்கு என்று கேட்டேன், கடைக்காரர் சும்மா போட்டுக் கொடுத்தாராம்.

உன் அண்ணனுக்கு இப்போது தலைகால் புரியவில்லை. மாசியில் மில்லில் இரண்டாவது பாய்லர் வைத்தார்களே, இரண்டுக்கும் அவர்தான் பொறுப்பு. பாய்லர் லைசன்ஸைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார், சாமி படத்துக்குச் சமமாக. உன் பட்டத்துக்கும் பக்கத்தில் இடம் விட்டு ஆணி அடித்து வைத்திருக்கிறார்.

உங்கள் ரோஹிணி மேடத்தின் தாத்தா நிலம் எது என்று விசாரித்து வை. நம் மாமா அறுத்த நிலமாகத்தான் இருக்கும். அவர் குனிந்து அறுத்தார், அவர் மகள் அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சரிசமமாக உட்கார்ந்து வாதாடுகிறாள். உன் கடிதத்தை நான் வாசித்துக் காட்டியதும் மாமா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். தூசி விழுந்துவிட்டதாம்.

வாய்ச் சுத்தத்தைப் பற்றி நீ கவலைப்படாதே. அதை என்னிடம் விட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணி அம்சம்

*

சென்னை
29 ஜூலை 2024

அண்ணிக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

பரீத் அண்ணன் கொண்டுவந்த தகடுகள் அத்தனையும் கறுப்பு. செல்லுக்கு மேலும் கறுப்புத் துகள், கீழும் கறுப்புத் துகள். உருண்டையும் தெரியவில்லை, குட்டி உருண்டையும் தெரியவில்லை. ஒரு மாத வேலை குப்பைக்குப் போயிற்று. ரோஹிணி மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்து, "உங்க ஊர்ப் பிள்ளைங்க என்னதான் திங்கிறாங்க மலர்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

பரீத் அண்ணன் போனில் அந்த ஃபிளெக்ஸையும் பார்த்தேன். முடிவு வருவதற்கு முன்னால் யார் அண்ணி வாழ்த்து அடிப்பார்கள்? அதை எடுக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் வாயில் என்ன போட்டீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

மலர்க்கொடி

*

வாய்க்கால் தெரு
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மலருக்கு,

அண்ணி எழுதுவது. நீ விசாரிக்காவிட்டாலும் நாங்கள் சுகம்தான்.

"வாயைச் சுத்தம் செய்துகொண்டு வரட்டும், அது முக்கியம்" என்று எழுதியது யார்? நீ. சுத்தம் என்றால் இங்கே உமிக்கரிதான். பேஸ்ட் நுரைக்கும், பல் வெளுக்குமா? சென்னைக்காரர்கள் பார்க்கப் போகிற வாய், ஒரு சொல் வந்துவிடக் கூடாதென்று, மில்லில் ஒரு மூட்டை உமி வாங்கி, நானே சுட்டு, உப்புப் போட்டு இடித்து, வீடு வீடாகக் கொடுத்தேன். குச்சி கன்னத்தில்தானே படப்போகிறது என்று கன்னத்துக்குள்ளும் விரலை விட்டு நன்றாகத் தேய்க்கச் சொன்னேன். அன்று காலை இரண்டு தெருப் பிள்ளைகளும் கறுப்பு எச்சில் துப்பித் துப்பி வாய்க்கால் தண்ணீரே மை மாதிரி ஓடிற்று. பரீத் தம்பிகூட "என்னாக்கா, பல்லெல்லாம் பளிங்கு மாதிரி இருக்கு" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

மைக்ராஸ்கோப்புக்கு உமிக்கரி ஆகாது என்று ஒரு வரி நீ எழுதியிருக்கலாம். சரி, போகட்டும். தப்பு என்னுடையது என்றே வைத்துக்கொள். திரும்ப எடுங்கள். இந்தத் தடவை வெறும் தண்ணீரில் கொப்பளிக்க வைத்து அனுப்புகிறேன்.

ஆனால் எங்கள் பிள்ளைகள் என்ன தின்கிறார்கள் என்று அந்த அம்மா கேட்டதற்கு நீ சிரித்தாய் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. சோறு தின்கிறார்கள் என்று சொல். அவர் தட்டில் விழும் சோறும் இங்கிருந்து போனதுதான் என்று சேர்த்துச் சொல்.

வேறு சேதி ஒன்றுமில்லை. மாமாவுக்குக் கொஞ்சம் இருமல், ஆடிக் காற்றுக்கு எல்லோருக்கும் வருவதுதான். துணியை இப்போது வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறேன். ஃபிளெக்ஸை எடுக்க முடியாது, வைத்த பஞ்சநதம் அய்யாவுக்கு மனம் கோணும்.

அம்சம்

*

சென்னை
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கோபம் என் கோபத்தைவிடச் சுவையாக இருந்தது. உமிக்கரிக் கதையைப் படித்துவிட்டு விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் சொல்லச் சொன்னதை மேடத்திடம் அப்படியே சொன்னேன். அப்புறம், "உங்க அண்ணிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

அப்பா இருமல் நின்றதா? மருந்து வாங்கிக் கொடுத்தீர்களா?

செப்டம்பர் நடுவில் பரீத் அண்ணன் மறுபடி வருகிறார். இரண்டு தெருவிலும் எந்தெந்த வீட்டில் விறகடுப்பு, எங்கெங்கே கொசுவத்தி, யார் சுருட்டுப் பிடிக்கிறார்கள் என்று கேட்பார், உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். அந்த ஃபிளெக்ஸ் படத்தில் புறாவுக்குப் பின்னால் ஒரு புதுப் புகைபோக்கி தெரிகிறது, அது நம் மில்லுடையதா? போன பொங்கலுக்கு வந்தபோது அது இல்லையே. துணியை ஏன் உள்ளே காயப்போடுகிறீர்கள்? அங்கே மழையா?

அன்புடன்,
மலர்

*

வாய்க்கால் தெரு
18 செப்டம்பர் 2024

அன்புள்ள மலருக்கு,

ஆசீர்வாதம். வீட்டில் குறையொன்றுமில்லை. உன் மேடம் மன்னிப்புக் கேட்டதை மாமாவிடம் மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். நான்காம் தடவையும் கேட்டார், நான்தான் வேலையிருக்கிறது என்று எழுந்து வந்தேன்.

இந்தத் தடவை ஒரு கோளாறும் கிடையாது. பச்சைத் தண்ணீர்தான். ஒரு தாயும் உமிக்கரி டப்பாவைத் தொடக் கூடாதென்று முந்தின நாளே சொல்லிவிட்டேன். முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தது நம் முல்லை. "எங்க அத்தைக்குத்தான் இது போகுது, நல்லா வழிச்சு எடுங்க" என்று பரீத் தம்பிக்கே உத்தரவு போட்டாள். பயந்து அழுத பிள்ளைகளை எல்லாம் அவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். எட்டு வயசுக்கு அந்த நிமிர்வு உன்னிடமிருந்து வந்தது, என்னிடமிருந்தும் கொஞ்சம்.

குறுவை அறுப்பு முடிந்து மில்லில் ராப்பகலாக வேலை. உன் அண்ணன் வீட்டுக்கு வருவதே தூங்கத்தான்.

ஊரில் எல்லோரும் இதைப் பரீட்சை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாயடியில் தினம் ஒருவர், "ரிசல்ட்டு வந்துருச்சா அம்சம்?" என்று கேட்கிறார். சீக்கிரம் எழுது.

அம்சம்

*

சென்னை
8 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். தீபாவளிக்கு வர முடியவில்லை. நீங்கள் இரண்டு தடவை போன் செய்தும் எடுக்க முடியாமல் போயிற்று, வேலை அப்படி. முல்லைக்கு அனுப்பிய பாவாடை சட்டை அளவாக இருந்ததா? இங்கே நல்ல மழை. விடுதியில் சமையல்காரரை மாற்றிவிட்டார்கள், சாம்பார் பரவாயில்லை.

தகடுகள் இந்த முறை மிக நன்றாக வந்திருக்கின்றன. உங்களுக்கும் டீச்சருக்கும் மேடம் நன்றி சொல்லச் சொன்னார். கோயில் தெருப் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கிறது. நாங்கள் எதிர்பார்த்தது போலவே இருக்கிறது, நல்ல காற்று என்று சொல்லலாம். அந்தத் தெருப் பெற்றோர்களிடம் சந்தோஷமாகச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் இன்னும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்பாவை மழையில் நனைய விடாதீர்கள். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மலர்

*

வாய்க்கால் தெரு
16 நவம்பர் 2024

அன்புள்ள மலருக்கு,

எல்லோரும் இருக்கிறோம். பாவாடை அளவாக இருந்தது.

உன் கடிதத்தில் கோயில் தெரு இருக்கிறது, சாம்பார் இருக்கிறது, சென்னை மழை இருக்கிறது. வாய்க்கால் தெரு எங்கே? நீ பிறந்த தெருவுக்கு ஒரு வரி இல்லையே, மலர். முதலில் படித்தபோது மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். இரண்டாம் தரம் படித்தபோது அப்படி இல்லையென்று தெரிந்தது. நீ மறக்கிற பிள்ளை இல்லை.

நானும் உன்னிடம் சிலது எழுதாமல் விட்டேன். துணியை ஏன் உள்ளே காயப்போடுகிறீர்கள் என்று கேட்டாய். வெளியே போட்டால் உமிச் சாம்பல் பொட்டுப் பொட்டாக விழுகிறது. புதுப் புகைபோக்கி நம் மில்லுடையதுதான். மில்லுக்கு அடுத்தாற்போல் நம் தெரு, காற்றடித்தால் நேரே இங்கேதான். கோயில் தெரு ஊருக்கு அந்தக் கடைசி, அங்கே போவதில்லை. இருமல் மாமாவுக்கு மட்டுமில்லை. முல்லையும் ஆடியிலிருந்து இருமுகிறாள். எழுதினால் உன் அண்ணன் வேலையைக் குற்றம் சொன்னது போல ஆகிவிடுமோ என்று விட்டுவிட்டேன். அவர் அந்த லைசன்ஸ் வாங்கப் பட்ட பாடு உனக்குத் தெரியும். நம் வம்சத்தில் அரசாங்க முத்திரை குத்தி ஒருவன் பேர் சுவரில் தொங்குவது அதுதான் முதல்.

நான் சொல்லிவிட்டேன். என் மகள் வாயைத் திறந்து காட்டினாள், இப்போது நீ திற.

அம்சம்

*

சென்னை
25 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு தடவை கிழித்துப் போட்டேன். முல்லையை உடனே டாக்டரிடம் காட்டுங்கள், நாளைக்கே. அப்பாவையும் கூட்டிப் போங்கள்.

சொல்லிவிடுகிறேன். நம் தெருப் பிள்ளைகளின் செல்களில் குட்டி உருண்டைகள் நெடுஞ்சாலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருக்கும் அளவு இருக்கின்றன. சிலருக்கு அதைவிடக் கூடுதல். இரண்டு தெருவிலும் காஸ் அடுப்புதான், ஒரே பள்ளி, ஒரே சத்துணவு. வித்தியாசம் என்று பார்த்தால் புகைபோக்கிதான். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல இன்னும் சோதனை வேண்டும். ஆனால் எனக்குச் சந்தேகமில்லை. எந்தத் தகடு எந்தப் பிள்ளையுடையது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, அது விதி. முல்லையுடையது எது என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு தகடும் அவளுடையதாகத்தான் எனக்குத் தெரிந்தது.

பயப்படாதீர்கள் அண்ணி, இதைக் கவனமாகப் படியுங்கள். இது நோய் இல்லை. நம் பிள்ளைகள் யாரும் நோயாளி இல்லை. கன்னத்துச் செல்கள் உதிர்ந்து புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும். உடம்பு தானே பழுதுபார்த்துக்கொள்ளும். காற்று சரியானால் இந்த எண்ணிக்கை குறையும் என்று நம்ப இடமிருக்கிறது. இப்படியே வருஷக்கணக்கில் விட்டால்தான் பின்னால் பெரிய நோய்களுக்கு வழி. அது நடப்பதற்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நம் ஊரை ஆய்விலிருந்தே நீக்கிவிட முடியும். ஒப்பிடத் தகுந்த ஊர் இல்லை என்று எழுதிவிட்டுக் கொல்லிமலைக்குப் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அண்ணன் வேலைக்கும் ஆபத்தில்லை. இரண்டு மாதமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மேடம், "பெற்றோருக்கு உண்மையைச் சொல்ல வேண்டியது நம் கடமை, அதற்குமேல் அவர்கள் முடிவு" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைச் செய்கிறேன்.

மலர்

*

வாய்க்கால் தெரு
28 ஜனவரி 2025

அன்புள்ள மலருக்கு,

அண்ணி எழுதுவது. பதில் தாமதமாயிற்று. நீ பொங்கலுக்கும் வராததால் உன் பங்குக் கரும்பை முல்லை தின்றுவிட்டாள். டாக்டர் மருந்து கொடுத்தார், இருமல் குறைந்திருக்கிறது.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்தார். "எங்கையாலதான் எம்புள்ளைக்கு இப்படின்னு சொல்றாளா?" என்று கேட்டார். சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார். ஒரு மாதத்துக்குமேல் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. பஞ்சநதம் அய்யாவிடம் தனியாகப் போய் இரண்டு தடவை கேட்டிருக்கிறார், புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கிற பைகள் கிழிந்து கிடக்கின்றன, மாற்றிக் கொடுங்கள் என்று. "சீசன் முடியட்டும் மாறா" என்றாராம். அதை அப்போது எனக்குக்கூடச் சொல்லவில்லை.

முந்தாநாள் குடியரசு தினக் கிராம சபை. கோயில் மண்டபம் நிறையக் கூட்டம். பஞ்சநதம் அய்யா முன்வரிசையில். ஊருக்குச் சுத்தமான காற்று என்று பேர் வாங்கிக் கொடுத்த உனக்குப் பாராட்டுத் தீர்மானம் போட எழுந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். உன் கடிதத்தில் இருந்ததை எடுத்துச் சொன்னேன். நோய் இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

அப்புறம் நடந்த கூச்சலை எழுதக் கை வரவில்லை. "ஊர் மானத்த வாங்கிட்டியே அம்சம்" என்றார் ஒருவர். எங்கள் தெருவிலிருந்தே ஒரு பெண், "இதுல பொம்பளப் புள்ளைங்களும் இருக்கு, நாளைக்கு யாரு வந்து கட்டுவா? வாய மூடிக்கிட்டு உக்காரு" என்று கத்தினாள். அவளும் ஒரு தாய், அவள் பயம் எனக்கும் உண்டு. நான் சொன்னேன், "எம்மவளும் அதுல இருக்கா. வேற புள்ள பேரு வேணாம், அவ பேர எழுதிக்கங்க. நன்முல்லை, த.பெ. தமிழ்மாறன். கட்ட வர்றவன் அதப் படிச்சுட்டு வரட்டும்."

பஞ்சநதம் அய்யா எழுந்து, அவர் மில் வைத்ததால்தான் இந்த ஊரில் அடுப்பு எரிகிறது என்றார். அது பொய்யில்லை, எங்கள் அடுப்பும் அதில்தான் எரிகிறது. அப்போது பின்னாலிருந்து உன் அண்ணன் எழுந்தார். மலர், அவர் நாலு பேருக்கு முன்னால் பேசி நான் பார்த்ததில்லை. "அய்யா, பை கிழிஞ்சிருக்குன்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புதுப் பை மாட்டுற வரைக்கும் நான் பாய்லரைப் பத்த வைக்க மாட்டேன். லைசன்ஸ் இல்லாத ஆளு பத்த வைக்கக் கூடாது. இந்த ஊர்ல லைசன்ஸ் என் ஒருத்தன்கிட்டதான் இருக்கு" என்றார். சொல்லிவிட்டு உட்காரவும் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார். ஹமீதா டீச்சர்தான் முதலில் கைதட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில், "ஒளறிட்டேனா அம்சம்?" என்று கேட்டார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவரை அப்படி நான் நேசித்ததில்லை என்று எழுதினால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

மில் நின்றுபோயிருக்கிறது. மேற்கொண்டு என்ன ஆகுமென்று தெரியவில்லை. நம் ஊரை ஆய்விலிருந்து நீக்காதே.

அம்சம்

*

சென்னை
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு, அண்ணனுக்கு, அப்பாவுக்கு,

மூன்று பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், ஸ்பீக்கரில் போடுவது போல வாசியுங்கள். நான் சுகம்.

கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் வாசித்துக் காட்டினேன். அண்ணன் பேசிய இடம் வந்தபோது கடிதத்தைப் பரீத் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன், மிச்சத்தை அவர் வாசித்தார். இனிமேல் யாராவது உங்கள் குடும்பம் என்ன செய்கிறது என்று என்னைக் கேட்டால், என் அண்ணன் பாய்லர் ஆபரேட்டர் என்றுதான் முதலில் சொல்வேன்.

மில் ஓடுகிறதா? அண்ணனுக்கு வேலை இருக்கிறதா? அதைத்தான் முதலில் எழுதுங்கள்.

கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டோம். சுத்தமான காற்று என்ற தலைப்பின் கீழ் இருந்த நம் ஊரை எடுத்து, கோயில் தெருவைத் தனியாகவும் வாய்க்கால் தெருவைத் தனியாகவும் போட்டிருக்கிறேன். காற்றை அளக்கும் கருவியோடு ஆடியில் நானே வருகிறேன், பிள்ளைகளிடம் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கேள்வி. இப்படிப்பட்ட கட்டுரைகளில் ஊர்ப் பெயரைப் போடுவதில்லை. "கிராமம் 2" என்று எழுதிவிடுவோம். பிள்ளைகளுக்கு நாளை எந்தப் பேச்சும் வரக் கூடாதே என்பதற்காக. அப்படியே எழுதிவிடட்டுமா? தாய்மார்களிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.

மலர்

*

வாய்க்கால் தெரு
14 மார்ச் 2025

அன்புள்ள மலருக்கு,

எல்லோரும் நலம். உன் அண்ணனுக்கு வேலை இருக்கிறது, அதை முதலில் எழுதிவிட்டேன்.

லேசில் முடியவில்லை. சம்பா நெல் மூட்டை மூட்டையாக மில் வாசலில் குவிந்து கிடந்தது. நெல்காரர்கள் நம் வாசலில் வந்து நின்று கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டார்கள். பஞ்சநதம் அய்யா கும்பகோணத்திலிருந்து வேறு லைசன்ஸ்காரரைக் கூட்டிவந்தார். அவர் டீக்கடையில் உட்கார்ந்து உன் அண்ணனிடம் அரை மணி பேசினார், அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "அவருக்கும் ரெண்டு புள்ளைங்க" என்கிறார். அதற்குப் பிறகுதான் கோயம்புத்தூரிலிருந்து புதுப் பைகள் வந்தன. பஞ்சநதம் அய்யா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும். எண்ணிக்கை குறைந்ததா இல்லையா என்று நீ ஆடியில் வந்து சொல், அதுவரை நாங்கள் ஆடமாட்டோம்.

நீ கேட்டதைத் தாய்மார்களிடம் கேட்டேன். சத்துணவுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். நேரம் போனதே தெரியவில்லை. ஒளித்துவிடலாம் என்றுதான் பாதிப் பேர் ஆரம்பித்தார்கள். அன்று கிராம சபையில் என்னை உட்காரச் சொல்லிக் கத்தினாளே, அவள்தான் கடைசியில் எழுந்தாள். "ஒளிச்சு வச்சா நம்ம புள்ளைங்கதான் என்னமோ தப்பு செஞ்ச மாதிரி ஆவும். புகையை விட்டவங்களே ஊருக்குள்ள நிமிந்துதான் நடக்குறாங்க. வாயைத் தொறந்து காட்டுன புள்ளைங்க எதுக்கு ஒளியணும்?" என்றாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், கோயில் தெருக்காரர்களும் சேர்ந்து. இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் ஆய்வுக்கு அனுமதி கொடுத்த கமிட்டி கேட்டால் காட்டு.

பிள்ளைகள் பேர் வேண்டாம். ஊர்ப் பேரைப் போடு. நம் ஊர் கிராமம் 2 இல்லை. இங்கிலீஷில் எழுதும்போது எழுத்தைத் தப்பாகப் போட்டுவிடாதே, ஒரு எழுத்துக்கூட விடாதே. தென்குவளைவிளாகம், வாய்க்கால் தெரு.

இப்படிக்கு,
அம்சம்